மஞ்சள் கடுதாசியின் மீது சுமத்திய பழி

திருவண்ணாமலைக் கடைத்தெருவில் ஒருவரைப் பற்றி ‘ஐ.பி. கொடுத்துவிட்டான்’ என்று சொன்னால், ஊரார் பணத்தை வாங்கி விழுங்கிவிட்டு நீதிமன்றத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்பதைத் தவிர வேறு பொருளை எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஐ.பி. என்பது ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்பதன் சுருக்கம். பட்ட கடனை அடைக்க இயலாத ஒருவர், தம்மை நொடித்தவர் என அறிவிக்கும்படி கோரி நீதிமன்றத்தில் இடும் மனுவையும், அதையொட்டிக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் அறிவிப்பையும் சேர்த்தே மக்கள் ‘மஞ்சள் கடுதாசி’ என்கிறார்கள். மோசடிக்காரனின் கடைசி ஆயுதம் இது என்பது ஊரின் பொதுக்கருத்தின் ஒரு பாதி. மறுபாதி இரக்கத்தின் குரலில் பேசுகிறது: நேர்மையாக நொடித்தவனுக்கு வக்கீல் வைக்க வழி ஏது, வெறுங்கை முழம் போடுமா, அதற்கென்று உள்ள வக்கீல்களெல்லாம் சென்னையில் அல்லவா இருக்கிறார்கள் என்று.

இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று மறுப்பதை ஊர் கவனிப்பதில்லை. ஏமாற்றுக்காரனுக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கும் கதவு, நேர்மையானவனுக்கு மட்டும் எட்டாத உயரத்தில் இருப்பது எப்படி? உண்மையில் இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தே நிற்கின்றன. மோசடிக்காரர்களே மனுப் போடுவார்கள் என்று நம்பப்படுவதால் மானமுள்ளவர் வக்கீலைத் தேடிப் போவதில்லை. மானமுள்ளவர் போகாததால், போகிறவர்களில் மோசடிக்காரர்களே கண்ணுக்குத் தெரிகிறார்கள். வழியை மறித்துக்கொண்டிருப்பது வக்கீலின் கட்டணம் அல்ல, ஊரின் ஏளனமே என்பதைச் சட்டத்தின் வாசகத்தைக் கொண்டே காட்ட முடியும். (கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மங்கலமாகப் பூசப்படும் மஞ்சள், இந்த ஒரு தாளில் மட்டும் அவமானத்தின் நிறமானது வியப்புக்குரியது, சட்டத்தின் எந்தப் பிரிவிலும் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை.)

சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மாநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டின் சட்டமும், ஏனைய ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்தும். திருவண்ணாமலை இரண்டாவதன் ஆளுகையில் உள்ளது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, கடனை அடைக்க இயலாதவராகவும், மொத்தக் கடன் 500 ரூபாயை எட்டியவராகவும் இருக்கும் எவரும் மனுச் செய்யலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் பெருந்தொகையாக இருந்த அந்த 500 ரூபாய் இன்றுவரை திருத்தப்படாமல் கிடப்பதால், இந்த நிபந்தனை நடைமுறையில் எவரையும் தடுப்பதில்லை. 11ஆம் பிரிவு, கடன்பட்டவர் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் நீதிமன்றத்திலேயே மனு இடப்பட வேண்டும் என்கிறது. ஆகவே மாட வீதியில் கடை வைத்திருப்பவருக்கு உரிய இடம் சென்னை அல்ல, அவர் ஊரின் சார்பு நீதிமன்றமே; ஆரணிப் பட்டு நெசவாளருக்கு அது ஆரணியிலும், செய்யாற்று வணிகருக்குச் செய்யாற்றிலும் அமைகிறது.

படித்தவர்களிடையே உலவும் ஒரு தவறு, படிக்காதவர்களின் தவறைவிட அதிகக் கேடு செய்கிறது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதால் பழைய சட்டங்கள் ஒழிந்தன, இனித் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குத்தான் போக வேண்டும் என்பது அது. பழைய சட்டங்களை நீக்கும் 243ஆம் பிரிவு அந்தத் தொகுப்பில் எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் எழுதப்பட்ட பிரிவு, அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாள்வரை உயிரற்ற எழுத்தே. தனிநபர்களைப் பற்றிய மூன்றாம் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேங்காய்க் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இன்றும் 1920ஆம் ஆண்டிலேயே வாழ்கிறார்கள். தனிநபர் நொடிப்பு வழக்குகளுக்குப் பழைய சட்டங்களின்கீழ் உரிய நீதிமன்றங்களையே நாடலாம் என்று மத்திய நிதி அமைச்சகமே 2017 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. கம்பெனித் தீர்ப்பாயத்தில் வாதாடும் வக்கீலின் கட்டணத்தைக் கேள்விப்பட்டுக் கைகழுவுகிறவர், தமக்குத் தேவையே இல்லாத வக்கீலின் விலையைக் கண்டு மலைத்தவராகிறார்.

இனி மோசடி என்ற குற்றச்சாட்டுக்கு வரலாம். மனுப் போட்டால் கடன் போயிற்று என்று நினைப்பவர்கள் சட்டத்தின் முதல் வாசலை முடிவிடமாக எண்ணிவிட்டார்கள். மனு விசாரிக்கப்படும் நாளில் கடன்பட்டவர், தம் நடத்தை, கொடுக்கல்வாங்கல், சொத்து ஆகியவற்றைப் பற்றி, வந்திருக்கும் கடன் கொடுத்தவர்களின் முன்னிலையில் விசாரிக்கப்படுகிறார். அவர்களும் கேள்வி கேட்கலாம். நொடித்தவர் என அறிவிக்கப்பட்ட பிறகே வழக்குகளிலிருந்து காப்பு முழுமையாகக் கிடைக்கிறது. அதற்கு விலையாக, விலக்களிக்கப்பட்டவை நீங்கலான அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் வசமோ ‘ரிசீவர்’ எனப்படும் பொறுப்பாளரின் வசமோ போய்விடுகிறது. அந்தச் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பகிர்ந்து தருவது ரிசீவரின் வேலை. மனு இடுவதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்குள், நியாயமான விலையின்றி மச்சான் பெயருக்கோ மனைவி பெயருக்கோ எழுதிவைத்த வீட்டை 53ஆம் பிரிவின்படி மீட்டெடுக்கலாம். ஒருவருக்கு மட்டும் சலுகையாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நடந்த அந்தப் பட்டுவாடாவை 54ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. கணக்குகளை மறைத்தவருக்கும் சொத்தை ஒளித்தவருக்கும் 69ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை வைத்திருக்கிறது. எல்லாம் முடிந்து ‘விடுவிப்பு’ எனப்படும் இறுதி ஆணை கிடைத்தாலும், ஏமாற்றிப் பெற்ற கடன் 44ஆம் பிரிவின்படி அவரை விட்டுப் போவதில்லை.

இவ்வளவு கண்ணிகள் வைத்த வலையை மோசடிக்காரனின் ஒளிவிடம் என்று அழைப்பது பொருந்தாது. வலை ஓட்டையாக இருப்பதாகத் தோன்றினால், அதற்குப் பெரும் காரணம் கடன் கொடுத்தவர்களே அதைப் பிடிக்க வராததுதான். அறிவிப்பு கைக்கு வந்ததும் ‘பணம் போச்சு’ என்று கிழித்துப் போட்டுவிட்டு, விசாரணை நாளில் வராமல், மனுதாரரின் மச்சான் பெயரில் உள்ள மாடி வீட்டைப் பற்றி நீதிமன்றத்தில் சொல்லாமல் தேநீர்க் கடையில் சொல்லிக்கொண்டிருப்பவர், சட்டத்தைக் குறைகூறும் உரிமையைப் பாதி இழந்துவிடுகிறார். தமிழில் ‘கடன்காரன்’ என்ற ஒரே சொல் கடன் கொடுத்தவனையும் குறிக்கும், வாங்கியவனையும் குறிக்கும். இந்தச் சட்டமும் அப்படித்தான், இருவருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. 9ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவரும் இந்த மனுவை இடலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சீட்டு நடத்திக் கம்பி நீட்டியவர்களையும், வைப்புத் தொகை திரட்டி மறைந்த நிதி நிறுவனங்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது இன்னொரு குழப்பம். நிறுவனங்களுக்கென 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல்துறையும் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுப் போனவர்கள் அல்லர், எதையும் கொடுக்காமல் போனவர்கள். தமிழகத்தின் பெயர்பெற்ற நொடிப்புக் கதையும் இந்தப் பாடத்தையே சொல்கிறது. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தபோது, நீதிமன்றத்துக்கு வந்ததனாலேயே அதன் கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. வைப்பாளர்களின் பக்கம் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் நின்றார். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மோசடிக்காகக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்தச் சரிவின் பாடத்திலிருந்தே 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. நொடிப்பு வழக்கு அங்கே மோசடியை மூடி மறைக்கவில்லை, தோண்டி எடுத்தது.

கட்டணத்தைப் பற்றிய வாதம் முழுவதும் பொய் என்று சொல்வதற்கில்லை. வக்கீல் கட்டணத்துக்கு நிர்ணயித்த விலைப்பட்டியல் கிடையாது. ஒருவர் கேட்பதை இன்னொருவர் கேட்பதில்லை. வழக்கில் வென்றால் பங்கு தருகிறேன் என்று பேசிக்கொள்வதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன, நொடிப்பு வழக்கில் பங்கு தர எதுவும் மிஞ்சப்போவதும் இல்லை. ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள், கட்டணமே இல்லாத வழியை விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறார்களா? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, யார் யாருக்கு அரசுச் செலவில் வக்கீல் வைக்க உரிமை உண்டு என்று பட்டியலிடுகிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டோர், காவலில் இருப்போர், மாநில அரசு வகுத்த வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருடன், பெண்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. வருமானத்தைக் காட்டவேண்டியவரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தந்தால், ஆணைக்குழு அதையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 13ஆம் பிரிவு.

திருவண்ணாமலையின் தெருக்களில் இன்று கடன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் அந்த 12ஆம் பிரிவின் எடை விளங்கும். குழுக் கடன் என்று மக்கள் சொல்லும் நுண்கடன் பெரும்பாலும் பெண்களின் பெயரிலேயே தரப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஈடு எதுவும் வாங்காமல் தரப்படும் கடன் அது. தவணைகள் அனைத்தும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. ஈடில்லாத கடன் என்பதே நொடிப்புச் சட்டத்தின் முழுப் பயனும் கிடைக்கும் வகைக் கடன். அதாவது, இந்தச் சட்டம் அதிகமாகத் தேவைப்படும் கூட்டத்தில் பெரும்பகுதிக்கு வக்கீல் கட்டணம் என்ற கேள்வியே எழுவதில்லை. அதோடு, பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக எந்தப் பெண்ணையும் கைது செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது; வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து ‘ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேன்’ என்று மிரட்டும் வசூல்காரர் அதைச் சொல்லப்போவதில்லை.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று வாதாடுவார் என்ற இகழ்ச்சி உடனே எழும். ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ளவர்கள் வேறு உலகத்திலிருந்து வருபவர்கள் அல்லர்; அதே நீதிமன்றத்தில், அதே நீதிபதியின் முன், கட்டணம் வாங்கியும் வழக்கு நடத்துபவர்களே. சட்ட உதவி பெறுபவரிடம் அவர்கள் கட்டணம் கேட்கவோ வாங்கவோ கூடாது; வழக்கின் போக்கைக் கண்காணிக்கக் குழுவும் உண்டு. சுணக்கம் இருந்தால் ஆணைக்குழுச் செயலாளரிடம் முறையிடலாம். காசு கொடுத்து வைத்த வக்கீல் சுணங்கினால் முறையிட அப்படி ஓர் அலுவலகம் பக்கத்து அறையில் இருப்பதில்லை. மாவட்ட ஆணைக்குழுவின் வாசல்வரை போக இயலாதவர் 15100 என்ற எண்ணில் அழைத்தும் தொடங்கலாம்.

உரிமைப் பட்டியலில் இடம்பெறாத நடுத்தர வணிகருக்கு வக்கீலைக் கண்டுபிடிப்பதே சிக்கல் என்பது ஓரளவு நியாயமான குறை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையத் தளங்களின் வழியே வேலை தேடுவதையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் விளம்பரம் இல்லாத இடத்தில் அதைவிட நம்பகமான சான்று ஒன்று திறந்து கிடக்கிறது. ஈகோர்ட்ஸ் எனப்படும் நீதிமன்றங்களின் தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்து, வழக்கு வகையில் நொடிப்பு மனுவையும் ஆண்டையும் குறித்தால், அவ்வகை வழக்குகளும் அவற்றை நடத்தும் வக்கீல்களின் பெயர்களும் வந்து நிற்கும். எந்த வழக்கு எத்தனை வாய்தா போயிற்று, எது தள்ளுபடியாயிற்று, எது விடுவிப்புவரை சென்றது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தரகர் சொல்லும் பெயரைவிட இந்தப் பட்டியல் மேல். ‘நொடிப்பு வழக்கு நிபுணர்’ என்று பலகை மாட்டிய வக்கீலைத் தேட வேண்டியதில்லை. உரிமையியல் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலுக்குத் தெரிந்த வேலையே இது. கட்டணத்தை மனு, விசாரணை, விடுவிப்பு என்று கட்டம் கட்டமாகப் பேசிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறிப்பாக விடுவிப்பு மனுவும் அதில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்க வேண்டும். ஏனெனில், நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்பைக் கேட்காவிட்டால், நொடித்தவர் என்ற அறிவிப்பே நொடிப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி ரத்தாகிக் கடன்கள் அனைத்தும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பாதி வழியில் காசு தீர்ந்து நின்றுபோன வழக்குகளைப் பார்த்துத்தான் ஊர் ‘ஐ.பி.யால் பயனில்லை’ என்கிறது.

வக்கீலின் வேலையைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் கடன்பட்டவர் கொண்டுவரும் தாள்களே. நொடிப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கேட்பது இரண்டு பட்டியல்கள்: யார் யாருக்கு எவ்வளவு, அவர்களுடைய முகவரி என்ன என்பது ஒன்று; என்னென்ன சொத்து, எங்கே, என்ன மதிப்பு என்பது மற்றொன்று. முதல் பட்டியலை எழுதும்போதுதான் பலருக்குத் தம் கடனின் உண்மையான வடிவமே தெரியவரும். தண்டல் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையளவு தாள், நூறு கட்டங்கள், வசூலிக்க வருபவர் நாளுக்கு ஒன்றாகக் கிறுக்கிவிட்டுப் போகும் பேனாக் கோடுகள். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். முன்வட்டி பிடித்துக் கையில் தந்தது 8,500. நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். குறைந்துகொண்டே வரும் அசலைக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த அட்டையை மனுவோடு வைத்தால் கடன் எவ்வளவு என்பதோடு, 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் புகார் செய்ய இடமுண்டா என்பதையும் வக்கீல் ஒருசேரப் பார்த்துவிடுவார். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த புரோநோட்டுகள் எத்தனை, யாரிடம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அவமானத்தால் மறைத்த ஒரு பெயர், பின்னால் மோசடி என்ற பெயரோடு திரும்பி வரும்.

இரண்டாவது பட்டியலைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் வீணானது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு பறிமுதலுக்கு அப்பாற்பட்டவை என்று ஒதுக்கியிருப்பவற்றை நொடிப்புச் சட்டமும் தொடுவதில்லை: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏரும் மாடும் விதைநெல்லும், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலன். தாலியைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று அஞ்சி வக்கீலிடம் போகாத குடும்பம், அதே தாலியை அடகுக் கடையில் தானே கொண்டுபோய் வைப்பதுதான் கொடுமை.

நேர்மையாக நொடித்தல் என்பது எப்படி நேரும் என்பதற்குத் திருவண்ணாமலையே சாட்சி. இந்த ஊரின் வணிகம் பௌர்ணமியைச் சுற்றிச் சுழல்வது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இட்லி விற்பவர், கற்பூரக் கடை வைத்தவர், விடுதியைக் குத்தகைக்கு எடுத்தவர், ஆட்டோவுக்குத் தவணை கட்டுபவர் என எல்லோரும் அந்த இரவின் வருமானத்தை நம்பியே கடன் வாங்குகிறார்கள். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி கிரிவலம் தடைப்பட்டபோது, வட்டி மட்டும் நிற்கவில்லை. ரூபாய்க்கு எட்டணாவாவது, அதாவது பாதிக் கடனாவது தேறும் சொத்து இல்லாதவருக்கு முழு விடுவிப்பை மறுக்க வேண்டும் என்று கூறும் நொடிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தம்மைப் பொறுப்பாக்க முடியாத சூழ்நிலையால் அந்நிலை வந்தது என்று மெய்ப்பிப்பவருக்கு விலக்குத் தருகிறது. பெருந்தொற்றுத் தடையைவிடப் பொருத்தமான சூழ்நிலை எது? அந்த ஈராண்டில் நொடித்தவர்களுக்காகவே எழுதி வைத்ததுபோல் இருந்த அந்த வரி, மஞ்சள் கடுதாசி என்றால் கேவலம் என்ற ஒரே காரணத்தால் பலருக்குப் பயன்படாமல் போயிற்று.

சட்டத்தால் ஆகாதவையும் உண்டு. அவற்றை மறைத்து மனுப் போட வைக்கும் வக்கீல் ஏமாற்றுகிறார். நகை அடகும் வீட்டுக் கடனும் ஈட்டுக் கடன்கள். ஈட்டை வைத்திருப்பவரின் உரிமையை இந்த மனு தடுக்காது. காசோலை திரும்பியதற்கான குற்ற வழக்கு தன் வழியே நடக்கும். அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் ஜீவனாம்சமும் நீங்கா. பிணைக் கையெழுத்துப் போட்டவரைக் கடன்பட்டவரின் விடுவிப்பு விடுவிப்பதில்லை. குழுக் கடனில் மற்ற பெண்களோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே. விடுவிப்புப் பெறாத நிலையில், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் 72ஆம் பிரிவின்படி குற்றம்.

இத்தனைக்கும் பிறகு ஊர் தரும் மாற்று யோசனை என்ன? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அதுவும் முடியாதபோது, இரவோடு இரவாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடு, நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தால் எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்பது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றவரிடம் அந்தப் பயணத்துக்கும் அங்கே வாடகை முன்பணத்துக்கும் எப்படியோ காசு தேறிவிடுகிறது. ஆனால் கடன் கொடுத்தவர்களைத் தவிர்ப்பதற்காகக் குடியிருக்கும் வீட்டை விட்டு வெளியேறுவதையே 6ஆம் பிரிவு ‘நொடிப்புச் செயல்’ என்கிறது. அது நடந்த மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவர் எவரும் மனு இடலாம். மானத்துக்கு அஞ்சி மஞ்சள் கடுதாசியைத் தவிர்த்துப் பஸ் ஏறியவரை நொடித்தவர் என அறிவிக்கும்படி, அவர் எழுதாத பட்டியலை வைத்து, அவர் இல்லாத நீதிமன்ற அறையில், வேறொருவரின் வக்கீல் கேட்டுக்கொண்டிருப்பார்.